நூறு கருவிகள் உள்ள பெட்டியை வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. வேலை கிடைத்துத் தனி வீட்டுக்குப் போகிறாள். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி. ஆனால் கதவுக் கீலில் ஸ்க்ரூ தளர்ந்தால் முறுக்கத் தெரியாது, குழாய் சொட்டினால் ஆளைத் தேடுகிறாள். நூறு கருவிகள் உள்ள டூல் கிட் ஒன்று தள்ளுபடியில் இருக்கிறது. வாங்கிக் கொடுத்தால் கற்றுக்கொள்வாளா?

பதில்: அதை வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பெட்டிகளில் எண்ணிக்கையைக் கூட்டுவது பெரும்பாலும் சின்னச் சின்ன பிட்களும் (ஸ்க்ரூடிரைவரில் மாட்டும் முனைகள்) ஆணிகளும்தான். அந்தக் காசுக்கு நல்ல தரமான கருவிகள் நாலைந்தை உதிரியாக வாங்குங்கள். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் பிஎச் 1, பிஎச் 2 என இரண்டு அளவு, ஒரு ஃபிளாட், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், குழாய் இணைப்பில் கசியாமல் இருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப் ஒரு சுருள். இவ்வளவு போதும்.

ஸ்டாரில் மட்டும் ஏன் இரண்டு என்று கேட்பீர்கள். வீட்டில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூக்களில் நிறைய பிஎச் 2. அதில் அதைவிடச் சின்ன பிஎச் 1 முனையை வைத்துத் திருகினால் ஆடும், வழுக்கும். நாலு முறை வழுக்கினால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும், அப்புறம் ஸ்க்ரூடிரைவருக்கு மசியாது. "எனக்கு இதெல்லாம் வராது" என்று புதிதாகப் பழகுகிறவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் கையில் குறையே இல்லை. அளவு தப்பு, அல்லது முனை மட்டமான இரும்பு. கடைக்கு ஒரு ஸ்க்ரூவைக் கொண்டுபோய் முனையைப் பொருத்திப் பாருங்கள். ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்தால் வாங்கலாம். ஸ்பேனரின் தாடையை அசைத்துப் பாருங்கள், லொடலொடவென்று இருந்தால் வைத்துவிடுங்கள்.

சரி, கருவி வந்துவிட்டது. கற்றுக்கொள்ள ஒரு வேலை வேண்டுமே? சொட்டுகிற குழாயிலிருந்தே தொடங்குங்கள். பழைய மாதிரித் திருகு குழாய் என்றால் காரணம் அநேகமாக உள்ளே தேய்ந்துபோன ரப்பர் வாஷர்தான். தண்ணீர் வரும் வால்வை அடைக்க வேண்டும், குழாயின் தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்ற வேண்டும், பழைய வாஷரை எடுத்து அதே அளவில் புதியதைப் போட வேண்டும். மூன்றையும் அவளே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அவள் கையிலிருந்து கருவியை மட்டும் வாங்காதீர்கள். மரை எந்த இடத்தில் சரியாகப் பிடிக்கிறது, எவ்வளவு முறுக்கினால் போதும் என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். வீடியோ எத்தனை பார்த்தாலும் அது வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளைஞர்களுக்குக் கைவேலை தெரியவில்லை என்று குறை சொல்கிறோம். அவர்கள் கையில் நாம் கொடுத்ததெல்லாம் பசை போட்டு ஒட்டிய போன், திறக்க முடியாத இயர்போன். திறந்து பார்க்கவே வழியில்லாதபோது எதில் பழகுவார்கள்? சில நாடுகள் இதைக் கவனித்திருக்கின்றன. பிரான்ஸில் 2021-ல் ஸ்மார்ட்போன், லேப்டாப், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று விதி வந்தது. அதனால் மகளின் புது வீட்டுக்குச் சாமான் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா, பேட்டரியை மாற்ற முடியுமா, உதிரி பாகம் தனியாகக் கிடைக்குமா? இரண்டு பொருள் ஒரே தரம் என்றால் திறக்க முடிகிறதை எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும்.

கேள்வி: பழுதான மைக்ரோவேவ் அடுப்பை என் மகன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பழகலாமா?

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். பேட்டரியில் ஓடும் பழைய சுவர்க் கடிகாரத்தையோ பொம்மைக் காரையோ கொடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டால் பயமில்லாமல் பிரிக்கலாம். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், திரும்ப மாட்டும்போது எது எங்கே என்று தவிக்க வேண்டியதில்லை.