1648இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் பிரெஸ்பிட்டேரியர்கள் (ஆயர்கள் இல்லாமல் மூப்பர் குழுக்கள் நடத்தும் புராட்டஸ்டண்ட் சபையினர்) தங்களுக்குள்ளேயே ஏன் சண்டை போட்டார்கள்?

இரு தரப்பும் ஒரே ஸ்காட்லாந்து சபைதான். வழிபாட்டில் பெரிய வேறுபாடு கிடையாது. தகராறு மன்னர் முதலாம் சார்லஸை எவ்வளவு நம்பலாம் என்பதில்.

1647 டிசம்பரில், இங்கிலாந்து நாடாளுமன்றத்தோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்று வைட் தீவில் சிறையிருந்த சார்லஸோடு சில ஸ்காட்டியப் பிரபுக்கள் ரகசிய ஒப்பந்தம் செய்தார்கள். இங்கிலாந்தில் பிரெஸ்பிட்டேரிய முறையை மூன்று ஆண்டுகள் நடத்திப் பார்க்கிறேன் என்றார் மன்னர். பதிலுக்கு ஸ்காட்டியப் படை அவருக்காகப் போரிட வேண்டும். இந்த ஒப்பந்தத்தின் பெயர் 'எங்கேஜ்மென்ட்'; அதை ஆதரித்தவர்கள்தான் 'எங்கேஜர்கள்'. மூன்று ஆண்டு வாக்குறுதிக்காகப் படையெடுப்பா என்று போதகர்கள் கொதித்தார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் கோபம் நியாயமானதே. ஜூனில் மாக்லின் மூரில் திருவிருந்துக்குக் கூடியிருந்த எதிர்ப்பாளர்களை, எங்கேஜர்கள் கையிலிருந்த அரசின் படை தாக்கிக் கலைத்தது.

ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரெஸ்டனில், ஹாமில்டன் பிரபு நடத்திச் சென்ற எங்கேஜர் படையை நாடாளுமன்றத் தளபதி குரோம்வெல் நொறுக்கினார். செய்தி வந்ததும் ஒப்பந்தத்தை எதிர்த்த மேற்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் திரண்டு எடின்பரோவைப் பிடித்தார்கள். அவர்களோடு சேரக் கிளம்பிய, எதிர்த்தரப்புத் தலைவரான ஆர்கைல் பிரபு, தன் ஹைலாண்டு (ஸ்காட்லாந்து மலைநாட்டு) ஆட்களுடன் ஸ்டெர்லிங்கில் தங்கினார். செப்டம்பர் 12 அன்று ஜார்ஜ் மன்றோவின் எங்கேஜர் படை அவர்கள்மேல் பாய்ந்தது. ஆர்கைல் குதிரையேறித் தப்பினார்; அவருடைய ஆட்கள் பலர் மாண்டார்கள்.

சரி, வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. குரோம்வெல் எல்லையில் நிற்க, அந்த மாதமே சமரசம் பேசிப் படையைக் கலைத்தார்கள். 1649 ஜனவரியில் வந்த சட்டம் எங்கேஜர்களைப் பதவிகளிலிருந்து விலக்கியது. இத்தனைக்கும் எதிர்ப்பாளர்களுக்குக் கைகொடுத்த குரோம்வெல் பிரெஸ்பிட்டேரியரே அல்ல!