மெல்லிய ஓடு (ஷெல்) போன்ற கட்டமைப்பின் கணினி மாதிரியில் ஒரு சுமைக்கு மேல் கணக்கு நின்றுவிடுகிறது. சுமையைக் கூட்டும் ஸ்டெப்பைக் குறைத்தும் பலனில்லை. ஏன்?

ஸ்டெப்பை இன்னும் குறைத்தாலும் பலன் கிடைக்காது. சுமை–இடப்பெயர்ச்சிக் கோடு அங்கே உச்சியைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் சிறிதளவு சுமை கூட்டினாலும் பக்கத்தில் சமநிலையே இல்லை. சுமையையும் இடப்பெயர்ச்சியையும் இணைக்கும் விறைப்பு அணி, நேர்மாறு காண முடியாத பூச்சியக் கோவை அணியாகிவிடுகிறது. சுமையை நாமே நிர்ணயித்து, விடையைத் திருத்தித் திருத்திச் சமநிலையைத் தேடும் நியூட்டன்–ராப்சன் முறையால் இந்த இடத்தைத் தாண்ட முடியாது.

உங்கள் மாதிரியை விட்டுவிட்டு, முதலில் விடை தெரிந்த ஒரு கணக்கை ஓட்டிப் பாருங்கள்: நடுவில் புள்ளிச்சுமை தாங்கும் உருளைக்கூரை. ஆரம் 2540 மி.மீ., நீளம் 508 மி.மீ., அரைக்கோணம் 0.1 ரேடியன், யங் குணகம் 3102.75 நியூ/மி.மீ.², பாய்ஸான் விகிதம் 0.3. நேர் விளிம்புகள் இரண்டும் கீல். வளைந்த விளிம்புகள் கட்டற்றவை.

தடிமன் 12.7 மி.மீ. என்றால் சுமை சுமார் 2200 நியூட்டன் வரை ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். நடுப்புள்ளி கீழ்நோக்கியே போவதால் இடப்பெயர்ச்சியைக் கட்டுப்படுத்தியே முழுக்கோட்டையும் எடுத்துவிடலாம். தடிமனை 6.35 ஆக்கினால் கதை மாறுகிறது. கூரையின் எழுச்சி ஏறத்தாழ 12.7 மி.மீ.தான், இப்போது அது தடிமனைப் போல் இரு மடங்கு. வளைவு விறைப்பு எட்டில் ஒன்றாகிறது, பரப்பின் தளத்திலேயே இழுபடுவதை எதிர்க்கும் சவ்வு விறைப்போ பாதிதான் குறைகிறது. உச்சம் 590 நியூட்டனை ஒட்டி வரும்; பிறகு சுமை பூச்சியத்துக்கும் கீழே இறங்கும், நடுப்புள்ளியின் இடப்பெயர்ச்சியும் சற்றுத் தூரம் பின்வாங்கும். இங்கே இடப்பெயர்ச்சிக் கட்டுப்பாடும் தோற்கும்.

இதற்கு வேண்டியது வில்நீள முறை. அபாகஸ் (Abaqus) மென்பொருளில் ரிக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. சுமைக்காரணியும் தெரியாத மாறியாகச் சேர்கிறது. பாதையில் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை மட்டுமே நாம் சொல்கிறோம். பெரிய இடப்பெயர்ச்சிக்கான நேரிலாத் தேர்வை இயக்குங்கள். தொடக்க வில்நீளத்தைச் சிறிதாக வையுங்கள், அதிகபட்சத்துக்கும் வரம்பு கொடுங்கள். இல்லாவிட்டால் பின்வாங்கும் வளைவை ஒரே தாவலில் தாண்டிவிடும். நிறுத்தும் நிபந்தனையாகச் சுமையைக் கொடுக்காதீர்கள், ஒரே சுமை பாதையில் பலமுறை வரும். நடுப்புள்ளி 30 மி.மீ. இறங்கியதும் நிறுத்தச் சொல்லுங்கள்.

விடை பொருந்தவில்லை என்றால் முதலில் கீலைப் பாருங்கள். நேர் விளிம்பில் மூன்று இடப்பெயர்ச்சிகளும் பூட்டியிருக்க வேண்டும், விளிம்பை அச்சாகக் கொண்ட சுழற்சி திறந்திருக்க வேண்டும். கீல் இருக்க வேண்டிய இடம் நடுப்பரப்பு. திண்ம எலிமெண்டில் அடிப்பரப்பைப் பூட்டினால் அது வேறு கணக்கு. சமச்சீரைப் பயன்படுத்திக் கூரையின் கால்பகுதியை மட்டும் எடுத்த மாதிரியில் சுமையையும் நாலில் ஒன்றாக்க மறக்காதீர்கள். மெஷ்ஷை, அதாவது மாதிரியைப் பிரிக்கும் எலிமெண்டுகளின் வலையை, இரட்டிப்பாக்கியதும் உச்சச்சுமை நன்றாகக் குறைந்தால், பழைய மெஷ் செயற்கையாக விறைத்திருந்தது என்று பொருள்.

அசைவை எதிர்க்கும் செயற்கைத் தணிப்பைப் போட்டு உச்சத்தைத் தாண்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் கூரை தாவிப்போய் இறங்கும் இடம் கிடைக்கும், இடையிலுள்ள பாதை கிடைக்காது. உச்சத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் அதை நம்ப வேண்டாம்.

கால்பகுதி மாதிரி சமச்சீரற்ற சரிவைக் காட்டவே காட்டாது. அதனால் கடைசியில் ஒருமுறை முழுக்கூரையையும், வடிவத்தில் தடிமனின் நூற்றில் ஒரு பங்கு கோணலைச் சேர்த்து ஓட்டுங்கள்.