பணப் பிரச்சினை யாருக்கு இல்லை, தம்பி?

கேள்வி: எனக்கு 31 வயது. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். 2016இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்து, ஒரகடத்தில் ஒரு வருடம் டிரெய்னியாக இருந்தேன். பிடிக்காமல் வந்துவிட்டேன். 2018இலிருந்து மதுரையில் அறை எடுத்துத் தங்கி டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் படிக்கிறேன். ஒருமுறை குரூப் 2 முதல்நிலையில் தேறினேன். மெயின்ஸில் போய்விட்டது. முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் படிப்பேன். இப்போது மூன்று மணி நேரம் உட்கார முடியவில்லை. காலையில் எழுந்திருக்கவே பதினோரு மணி ஆகிவிடுகிறது. நடுவில் நண்பன் ஒரு வேலை சொன்னான். பதினைந்தாயிரம் சம்பளம். படித்த படிப்புக்குக் கேவலமாகப் பட்டதால் போகவில்லை. அப்பா 2017இல் தவறிவிட்டார். அம்மா ஊரில் இருக்கிறார். தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள், மாதாமாதம் அனுப்பிவிடுகிறாள், அதனால் பணப் பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் எதற்காக வாழ்கிறேன் என்றே தெரியவில்லை. தன்னம்பிக்கை வீடியோக்கள் பார்த்தேன், தியான வகுப்புக்குப் போனேன். எதுவும் ஒட்டவில்லை. என் வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பியது நான்கு பக்கக் கடிதம். மேலே இருப்பது அதன் சுருக்கம்தான். எந்தத் தேர்வில் எத்தனை கேள்விக்குச் சரியாக எழுதினீர்கள், கட் ஆஃப் எங்கே நின்றது, எந்த வருடம் பாடத்திட்டத்தை மாற்றினார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. தியான வகுப்புக்கே அரைப் பக்கம் போயிருக்கிறது. தங்கைக்கு ஒரே ஒரு வாக்கியம். அதிலும் அவள் பணம் அனுப்புகிற செய்தி மட்டும். அவள் வயது இல்லை. என்ன படித்தாள் என்பது இல்லை. எத்தனை வருடமாகத் திருப்பூரில் இருக்கிறாள் என்பதும் இல்லை.

பணப் பிரச்சினை எதுவும் இல்லை என்கிறீர்கள். யாருக்கு இல்லை?

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்று ஒரு வழக்கம் உண்டு. காலை எட்டரைக்கு உள்ளே போகிறவர்கள் இரவு எட்டு, எட்டரைக்கு வெளியே வருவார்கள். ஏற்றுமதிச் சரக்கு கிளம்ப வேண்டிய வாரம் என்றால் இன்னும் நேரமாகும். பெரும்பாலான இடங்களில் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். டெய்லருக்கு ஒரு கூலி, செக்கிங்கில் பிசிர் வெட்டுகிறவர்களுக்கு அதைவிடக் குறைவு, கைமடிக்கிறவர்களுக்கு இன்னும் குறைவு. உங்கள் தங்கை இதில் எந்த வேலை செய்கிறாள்? கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாளா, வெளியே நாலு பெண்களோடு சேர்ந்து அறை எடுத்திருக்கிறாளா? ராத்திரிச் சாப்பாடு என்ன? நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலையா, உட்கார்ந்து செய்கிற வேலையா? ஆயிரம் பொது அறிவுக் கேள்விக்கு விடை வைத்திருக்கிற நீங்கள் இந்த நாலு கேள்விக்கு விடை எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அதை நடப்பு நிகழ்வுகள் நோட்டில் நீங்கள் நிச்சயம் குறித்திருப்பீர்கள். அமெரிக்க ஆர்டர்களை நம்பி இருந்த திருப்பூர் கம்பெனிகள் தடுமாறிப் போன மாதங்கள் அவை. ஆர்டர் இல்லை என்றால் ஓவர்டைம் இல்லை. சில இடங்களில் வாரத்தில் சில நாள் வேலையே இல்லை. அந்த மாதங்களில் உங்களுக்கு வந்த பணம் குறைந்ததா? குறைந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குறையவில்லை என்றால், அவள் தனக்கு எதைக் குறைத்துக்கொண்டாள் என்று ஒரு நாளாவது போனில் கேட்டீர்களா?

வீட்டில் ஒருவர் படிக்க, மற்றவர் உழைத்துத் தாங்குவது நம் ஊரில் புதிது இல்லை. அண்ணன் செங்கல் சூளையில் நின்று தம்பியை டாக்டராக்கிய வீடுகளும், அக்காவின் தையல் மிஷினில் மூன்று பேர் படித்து வந்த வீடுகளும் எனக்குத் தெரியும். அதைத் தவறு என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த வீடுகளில் எல்லாம் ஒரு கெடு இருந்தது. இத்தனை வருடம் நான் தாங்குகிறேன், அதற்கப்புறம் நீ தாங்கு என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் இருவருக்கும் அது தெரிந்திருந்தது. உங்கள் வீட்டில் அந்தக் கெடு என்றைக்கு முடிந்தது? 2020இலா, 2022இலா? அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். மகன் வீட்டில் உட்கார்ந்து படித்தால் குடும்பத்தின் எதிர்காலத்துக்காகப் படிக்கிறான் என்கிறோம். மகள் மில்லுக்குப் போய் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினால், கல்யாணம் ஆகும்வரை ஏதோ வேலைக்குப் போகிறாள் என்கிறோம். இந்தப் பேச்சு எனக்கு எப்போதும் கோபத்தைத் தரும். உங்கள் அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவர் இடத்தில் நின்றது யார்? மூத்தவர் நீங்கள். நின்றது அவள்.

பதினைந்தாயிரம் கேவலம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவள் வாங்குவது அதைவிட அதிகமாக இருக்குமா? இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால், எந்தச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது உங்களுக்குக் கேவலமோ, அதே சம்பளத்தை அவள் பன்னிரண்டு மணி நேரம் உழைத்து வாங்கி, அதில் ஒரு பகுதியை உங்கள் அறை வாடகைக்கு அனுப்புகிறாள். அதை வாங்கிக்கொள்வதில் உங்களுக்கு ஒரு கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. உங்கள் மானத்துக்கு அவள் கூலி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரசு வேலைக்கு முயற்சி செய்கிறவர்களை இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளை ஒரு ஓ.எம்.ஆர். தாளை நிரப்பி வி.ஏ.ஓ. ஆகலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. எத்தனையோ குடும்பங்கள் அந்த வழியில் நிமிர்ந்திருக்கின்றன. ஆனால் 2024 குரூப் 4 அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். இடங்களைப் பிறகு கூட்டினார்கள், சரி. அப்படியும் ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள். வராமல் போனதற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை. ஆனால் வராது என்று ஒரு கட்டத்தில் உங்களுக்கே தெரிந்த பிறகும் அந்த அறையைக் காலி செய்யாமல் இருந்ததற்கு நீங்கள்தான் காரணம். விசேஷ வீட்டில் யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால் குரூப் 2வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லலாம், மேலே ஒரு கேள்வி வராது. அந்த மரியாதைக்காகவே பலர் இதில் தங்கிவிடுகிறார்கள். பல வருடமாக எனக்கு வரும் கடிதங்களில் இதைப் பார்க்கிறேன்.

பத்து மணி நேரம் எப்படி மூன்று மணி நேரமானது என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எனக்கு இல்லை. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. பொருளாதார மந்தத்தில் ஆலை மூடிவிட்டது. மரீ யஹோடா என்ற இளம் பெண் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றிய பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரும் 1931–32இல் அந்த ஊருக்கு ஒரு குழுவோடு போய் மக்களைக் கவனித்தார்கள். கை நிறைய நேரம் கிடைத்திருக்கிறதே, ஊர் நூலகத்தில் கூட்டம் கூடியிருக்கும் என்றுதானே தோன்றும்? இரவல் போன புத்தகங்கள் முன்பைவிடப் பெருமளவு குறைந்திருந்தன. தெருவில் நடக்கிறவர்களின் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். ஆலை வேலை பெண்களுக்கும்தான் போயிருந்தது. ஆனால் மத்தியானம் பிள்ளை பசியோடு வீட்டுக்கு வரும், அதற்குள் அடுப்பில் ஏதாவது ஏற்ற வேண்டும். ஆண்களுக்கு அப்படி யாரும் காத்திருக்கவில்லை.

உங்கள் அறையிலும் அதுதான் நடக்கிறது. நீங்கள் பதினோரு மணிக்கு எழுந்தால் யாருக்கும் எதுவும் நின்றுபோவதில்லை. நீங்கள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் உங்களால் ஒரு வீட்டில் உலை வைக்காமல் போகாது. உங்களுக்கு எல்லோரும் தேவை, நீங்கள் யாருக்கும் தேவை இல்லை என்கிற மாதிரி ஒரு வாழ்க்கையை இத்தனை வருடமாக நீங்களே அமைத்திருக்கிறீர்கள். அப்படி வாழ்கிறவனுக்கு எதற்காக வாழ்கிறோம் என்று தெரியாமல் போவதில் எந்த மர்மமும் இல்லை. வீடியோக்காரர்கள் கண்ணை மூடி உள்ளே தேடச் சொல்கிறார்கள். உள்ளே தேடி நீங்கள் கண்டது வெறுமையைத்தான். திருப்பூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க யாரும் சொல்லவில்லை.

உடனே ஒன்றைச் சொல்லி உங்களைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறேன். இதைப் படித்ததும், தங்கைக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்து வைப்பதுதான் இனி என் லட்சியம் என்று கிளம்பிவிடாதீர்கள். அவளுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இருக்கலாம். நின்றுபோன படிப்பைத் தொடர ஆசை இருக்கலாம், சொந்தமாக நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்க ஆசை இருக்கலாம். ஒன்றும் வேண்டாம், ஒரு வருடம் அம்மாவோடு ஊரில் இருந்தால் போதும் என்றுகூட இருக்கலாம். உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்க வேண்டும்.

ஆரப்பாளையத்திலிருந்து திருப்பூருக்கு நேர் பஸ் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை ராத்திரி ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறையாக இருக்கும், இல்லையென்றால் அரை நாளாவது கிடைக்கும். போனதும் மன்னிப்புக் கேட்டு அழாதீர்கள். அழுதால் அவள் உங்களைத் தேற்ற வேண்டி வரும், அந்த வேலையும் அவள் தலையில் விழும். அவள் வேலை செய்கிற இடத்தையும் தங்குகிற இடத்தையும் பாருங்கள். அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், பில்லை நீங்கள் கொடுங்கள். இதுவரை எவ்வளவு அனுப்பியிருக்கிறாள் என்று வங்கிக் கணக்கைப் பார்த்து முன்கூட்டியே கூட்டி வைத்துக்கொண்டு போங்கள். அந்தத் தொகை உங்களுக்குத் தெரியும் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருக்கும். அப்புறம், உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். முதல் தடவை ஒன்றும் இல்லை என்பாள். அதை நம்பாதீர்கள்.

வேலை விஷயம். ஒரு மாதத்துக்குள் சேருங்கள். பதினைந்தாயிரமோ பன்னிரண்டாயிரமோ, மதுரையோ திருப்பூரோ. மெக்கானிக்கல் படித்தவருக்குத் திருப்பூரில் மிஷின் பராமரிப்பில் இடம் கிடைக்காமல் போகாது. அதே ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. இத்தனை வருடம் படித்த கணக்கும் தமிழும் வீணில்லை, மாலையில் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுக்கலாம், பத்தாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம். தேர்வை விடச் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4 எழுதித் தேறியவர்கள் நிறையப் பேர். நாள் முழுக்க அறையில் இருந்தும் ஓடாத படிப்பைவிட, வேலை முடிந்து வந்து படிக்கிற இரண்டு மணி நேரம் உருப்படியாக இருக்கும். ஆனால் இன்னும் எத்தனை தேர்வு என்பதைத் தங்கையிடமும் அம்மாவிடமும் சொல்லி முடிவு செய்யுங்கள். அவர்களைக் கேட்காமல் இனி ஒரு விண்ணப்பமும் போடக் கூடாது.

ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். எழுந்திருக்கவே முடியவில்லை என்பது தினமும் வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்திருந்தால், அது இந்தப் பக்கத்தில் தீர்கிற விஷயம் இல்லை. 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். மதுரை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதால் நான் சொன்ன கடமை எதுவும் தள்ளிப்போகாது.

முதல் சம்பளம் வந்ததும் உங்கள் வாடகையையும் மெஸ் பாக்கியையும் நீங்களே கட்டுங்கள். அம்மாவுக்கு அனுப்புங்கள். தங்கைக்குப் பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டாள், வாங்கினாலும் அம்மாவுக்கே அனுப்பிவிடுவாள். அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போய் அவள் பெயரில் ஒரு ஆர்.டி. தொடங்குங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருடக் கணக்கு. நீங்கள் எவ்வளவு போட முடியுமோ அவ்வளவு போடுங்கள், ஒரு மாதமும் விடாமல். பாஸ்புக் அவளிடமே இருக்கட்டும்.