அயர்லாந்து வீட்டில் சிங்க், பாத் சுவிட்ச்: எதை எப்போது போடுவது?

டப்ளினில் வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது, அலமாரிக்குள் வெந்நீருக்கு 'ஆன் / ஆஃப்', 'சிங்க் / பாத்' என்று இரண்டு சுவிட்ச் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சிங்க்கில் போட்டால் குளியல் பாதியில் தண்ணீர் சில்லிட்டுவிடுகிறது, பாத்தில் போட்டு அரை மணி நேரம் ஆனாலும் வெதுவெதுப்புத்தான், பேசாமல் ராத்திரி முழுக்க ஓடவிட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஒன்று: நீங்கள் சொன்ன இரண்டுமே கோளாறு இல்லை. ஹீட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது. சிங்க் என்றால் சூடு குறைவு, பாத் என்றால் சூடு கூடுதல் என்று புதிதாக வருகிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். அந்தச் சுவிட்ச் எவ்வளவு தண்ணீரைக் காய்ச்சுவது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது.

இங்கே 'ஹாட் பிரெஸ்' என்று சொல்லும் அந்த அலமாரிக்குள் நிற்பது செப்புத் தொட்டி. பழைய வீடுகளில் பெரும்பாலும் 120 லிட்டருக்குப் பக்கத்தில் பிடிக்கும். அதன் உச்சியிலிருந்து 'இமர்ஷன்' எனப்படும் ஹீட்டர் உள்ளே இறங்குகிறது. ஒரே தலையில் இரண்டு கம்பிகள்: நீளமானது கிட்டத்தட்ட அடிவரை போகும், குட்டையானது மேல் பகுதியோடு நின்றுவிடும். பாத் என்றால் நீளக் கம்பி, சிங்க் என்றால் குட்டைக் கம்பி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்.

சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் அடியில் தங்கும். குழாய்க்கு வருவது தொட்டியின் உச்சியிலிருந்து. எனவே குட்டைக் கம்பி தன்னைச் சுற்றியும் தனக்கு மேலேயும் உள்ள நீரை மட்டும் காய்ச்சும், கீழே உள்ளது அப்படியே பச்சைத் தண்ணீராகக் கிடக்கும். நீளக் கம்பியோ மொத்தத் தொட்டியையும் சேர்த்து ஏற்றுகிறது. அதனால்தான் அரை மணி நேரம் பாத்தில் போட்டால் எல்லாத் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சம் சூடாகி எதற்கும் உதவாமல் நிற்கிறது. அதே அரை மணி சிங்க்கில் போட்டிருந்தால் மேலே நல்ல சூடு கிடைத்திருக்கும்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளியும். குழாய் நீர் 10 டிகிரியில் வருகிறது, 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். 120 லிட்டருக்கு ஏறத்தாழ 7 யூனிட் கரண்ட் வேண்டும். கம்பி 3 கிலோவாட் என்றால் 2 மணி 20 நிமிடம். மேலே உள்ள 40 லிட்டரை மட்டும் ஏற்ற 2.3 யூனிட், சுமார் 45 நிமிடம் போதும். உங்கள் பில்லில் யூனிட்டுக்கு எவ்வளவு என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த 40 லிட்டரைக் குளிர்ந்த நீரோடு கலந்தால் குளிக்கிற சூட்டில், அதாவது 40 டிகிரியில், 65 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விழும் ஷவரில் ஒருவர் எட்டு நிமிடம் குளிக்கலாம். இரண்டாவது ஆளுக்கு மிஞ்சாது, குளியல் தொட்டியை நிரப்பவும் பற்றாது.

ஆக, பாத்திரம் கழுவவும் ஒருவர் சுருக்கமாகக் குளிக்கவும் சிங்க், முக்கால் மணி நேரம் முன்னால். இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துக் குளிப்பதாக இருந்தால் பாத், இரண்டு மணி நேரத்துக்கு முன்னால். முடிந்ததும் அணைத்துவிடுங்கள். சுவிட்சில் எரியும் சிவப்பு விளக்கு 'ஆன்' நிலையைத்தான் காட்டும். தண்ணீர் காய்ந்த பிறகும் எரியும், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

எப்போதும் போட்டே வைத்தால் செலவு குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வைத்த சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கும், தொட்டி ஆறும், மறுபடி ஏற்றும். நீங்கள் தண்ணீரே தொடாத நாளிலும் இது நடக்கும். தொட்டியைச் சுற்றிய உறை கிழிந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். உறை இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இரவில் ஓடவிடுவது உங்கள் மின் திட்டத்தில் இரவு விலை இருந்தால் மட்டும் லாபம். ஸ்மார்ட் மீட்டர் திட்டங்களில் அது வழக்கமாக இரவு 11 முதல் காலை 8 வரை, மாலை 5 முதல் 7 வரை விலை உச்சம். 24 மணி நேரமும் ஒரே விலை என்றால் இரவில் ஓட்டிப் பயனில்லை. அப்படியே இரவில் ஓட்டுவதானாலும் டைமரை விடிகாலைக்கு வையுங்கள். முள் டைமர் என்றால் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மணி மாறும்போது கையால் திருப்ப வேண்டும், கரண்ட் போய் வந்தாலும் அப்படியே.

காஸ் அல்லது எண்ணெய் பாய்லர் உள்ள வீடா என்றும் பாருங்கள். பாய்லர் ஓடும்போது பெரும்பாலும் அதே தொட்டியும் சூடாகிவிடும், இமர்ஷன் தேவையில்லை. குளியலறைச் சுவரில் மின்சார ஷவர் பெட்டி இருந்தால் அது தன் தண்ணீரைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. அதற்காக இமர்ஷனைப் போடுவது சுத்த வீண்.

பழுதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சிங்க் வேலை செய்து பாத் மட்டும் சூடாகவில்லை என்றால் நீளக் கம்பி போயிருக்கும். இரண்டுமே இல்லை என்றால் ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட் பழுதாக இருக்கலாம். ஒரு நிலையில் போட்டதும் டிரிப் ஆகிறதென்றால் அந்தக் கம்பியில் மின்கசிவு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் குறைத்துப் பணம் மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் நிமோனியா தரக்கூடிய லெஜியோனெல்லா கிருமி வளரும், 60 டிகிரி அதற்காகத்தான். அந்தத் திருகு இருப்பதும் 230 வோல்ட் முனைகள் இருக்கும் மூடிக்குள். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் மட்டுமே திறக்கட்டும். தொட்டி கொதிக்கிற மாதிரி உறுமினாலோ, குழாயில் ஆவி பறந்தாலோ, செப்புத் தொட்டிக்குக் குளிர்நீர் தரும், பரணில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் விழுந்தாலோ தெர்மோஸ்டாட் அணையாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. உடனே ஃபியூஸ் பெட்டியிலேயே அணைத்துவிட்டு, பரணுக்கு அடியில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் தொட்டி சூட்டில் இளகி உடைந்தால் கொதிநீர் மொத்தமும் கீழே இறங்கும்.