அளந்தவர் யார்? பாலின உளவியல்: கேள்வி பதில்

பாலின உளவியல் பாடம் எடுப்பவள் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கோபமாக வந்ததையும் விடவில்லை.

மேடம், பால் வேறு, பாலினம் வேறு என்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லுங்களேன். (முதலாமாண்டு மாணவி, மதுரை)

குரோமோசோம், ஹார்மோன், உடலுறுப்பு இவையெல்லாம் பால். அந்த உடலைப் பார்த்து ஊர் எதிர்பார்க்கும் நடை, உடை, வேலை, குணம், கூடவே ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது, இவை பாலினம். தேர்வுக்கு இது போதும். நிஜத்தில் கோடு இவ்வளவு நேராக இருக்காது. ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத இடைப்பால் உடலோடு பிறப்பவர்களும் உண்டு.

பெண்ணியம் கொள்கை, உளவியல் அறிவியல். இரண்டையும் கலந்தால் அறிவியல் கெட்டுவிடாதா? (பொறியாளர், கோவை)

ஏற்கெனவே கெட்டிருந்ததைச் சரிசெய்யத்தான் பெண்ணியவாதிகள் வந்தார்கள் என்பேன். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்க உளவியலில் இரண்டு நம்பிக்கைகள் உண்மை போலப் புழங்கின. மாதவிடாய் நாள்களில் பெண்ணின் புத்தியும் கையும் தளர்ந்துவிடும் என்பது ஒன்று. திறமையில் ஆளுக்கு ஆள் ஏற்றத்தாழ்வு ஆண்களுக்குள்தான் அதிகம், ஆகவே மேதைகள் அங்கிருந்துதான் வருவார்கள், பெண்கள் சராசரியைச் சுற்றியே நின்றுவிடுவார்கள் என்பது இன்னொன்று.

லீட்டா ஹாலிங்வொர்த் நெப்ராஸ்காவில் ஆசிரியையாக இருந்தவர். திருமணமாகி நியூயார்க்கில் குடியேறியபோது, அங்கே திருமணமான பெண்ணுக்கு ஆசிரியர் வேலை கிடையாது என்றார்கள். சரி என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் படிக்கப் போனார். அவருக்கு வாய்த்த வழிகாட்டி எட்வர்ட் தார்ண்டைக், அந்த இரண்டாவது நம்பிக்கையின் முக்கிய ஆதரவாளர்! ஹாலிங்வொர்த் அளக்கத் தொடங்கினார். பெண்களைத் தினமும் உட்காரவைத்து விரல் தட்டும் வேகம், கை நடுக்கம், நிறங்களின் பெயரைச் சொல்லும் வேகம், தட்டச்சு கற்பது என்று சோதித்தார். ஒப்பிட ஆண்களையும் சேர்த்துக்கொண்டார். 1914இல் முடிவு வெளியானது. மாதவிடாய் நாள்களில் சரிவு எதுவும் தெரியவில்லை. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், பிறந்த குழந்தைகளில் 1000 ஆண், 1000 பெண் என எடுத்து அவர்களின் உடல் அளவுகளை ஒப்பிட்டார். ஆண் குழந்தைகளுக்குள் ஏற்றத்தாழ்வு கூடுதலாக இல்லை.

இதைச் சோதிக்காமலே ஏன் நம்புகிறோம் என்ற கேள்வியைக் கேட்கவைத்தது பெண்ணியம். பதில் அளவீட்டிலிருந்து வந்தது. பதிலையும் கொள்கையே சொல்லத் தொடங்கினால் உங்கள் பயம் நியாயம்தான். அப்படி ஆசை முந்திக்கொண்ட ஓர் உதாரணம் கீழே, கணக்கு பற்றிய கேள்வியில் வருகிறது.

கடைசியில் ஆணும் பெண்ணும் மனதளவில் எவ்வளவுதான் வேறு? (வங்கி ஊழியர், சேலம்)

ஒரே விஷயத்தைப் பற்றிய பல ஆய்வுகளைக் கூட்டிக் கணக்கிடுவதைத் தொகுப்பாய்வு என்போம். அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஷிப்லி ஹைட் 2005இல் இப்படி 46 தொகுப்பாய்வுகளை எடுத்துப் பார்த்தார். கிடைத்த வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை அல்லது பூஜ்யத்தை ஒட்டியவை. பந்தை எறியும் வேகம், தூரம் இரண்டிலும் பெரிய வேறுபாடு. பாலுறவு குறித்த சில மனப்பாங்குகளிலும் அப்படித்தான். அடிதடியில் நடுத்தரம்.

சராசரியில் வேறுபாடு என்றதுமே நாம் இரண்டு தனித்தனிக் கூட்டங்களைக் கற்பனை செய்துகொள்கிறோம். உயரத்தை எடுங்கள். ஆண், பெண் இடைவெளி கண்ணுக்கே தெரிகிறது. அப்படியும் உங்கள் தெருவில் அண்ணனைவிட உயரமான ஒரு தங்கை இருப்பாள். கணக்குத் திறனில் இடைவெளி இதைவிட மிக மிகச் சிறியது. பல குணங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் வேறுபாடு பெருகும் என்று ஹைடோடு மோதுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் முடியவில்லை.

அக்கா, பிள்ளைகளைச் சமமாகத்தான் வளர்க்கிறோம். அப்படியும் மகன் காரைத் தேடுகிறான், மகள் பொம்மையைத் தேடுகிறாள். பிறவிக்குணம்தானே? (இரு குழந்தைகளின் தாய், தஞ்சாவூர்)

உடலுக்கும் பங்கு இருக்கலாம். பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பிக் கோளாறால் கருவில் ஆண் ஹார்மோன் அதிகம் பட்ட பெண் குழந்தைகள், மற்றப் பெண் குழந்தைகளைவிட வண்டி பொம்மைகளோடு அதிகம் விளையாடுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 'சமமாகத்தான்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் சந்தேகிப்பேன். ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி இருவரும் 1976இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தை. பெட்டியைத் திறந்தால் பொம்மை குதித்து எழும் விளையாட்டுச் சாமான். குழந்தை அதைக் கண்டு மிரண்டு அழுகிறது. இந்தப் படத்தைச் சிலரிடம் ஆண் குழந்தை என்று சொல்லியும் மற்றவர்களிடம் பெண் குழந்தை என்று சொல்லியும் காட்டினார்கள். 'ஆண்' என்று கேட்டவர்களுக்கு அந்த அழுகை கோபமாகத் தெரிந்தது. 'பெண்' என்று கேட்டவர்களுக்குப் பயமாகத் தெரிந்தது. ஒரே குழந்தை, ஒரே அழுகை! கோபப்படும் பிள்ளையிடமும் பயப்படும் பிள்ளையிடமும் நாம் ஒரே மாதிரியா நடந்துகொள்வோம்?

பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. சாண்ட்ரா பெம் 1981இல் முன்வைத்த பாலினச் சட்டகக் கோட்பாட்டின்படி, உலகத்தை 'இது பையனுக்கு, இது பொண்ணுக்கு' என்று வகைபிரிக்கக் குழந்தை சீக்கிரமே கற்றுக்கொள்கிறது. அப்புறம் தன்னையும் அந்தச் சட்டகத்துக்குள் பொருத்திக்கொள்கிறது. வீட்டில் நீங்கள் சொல்லாததைக் கடை, டிவி, பக்கத்து வீடு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடும்.

பெண்ணைத் தெய்வமாக மதிக்கிற நம்மிடம் வந்து பாகுபாடு என்று பேசுகிறீர்களே, வெட்கமாக இல்லையா? (பெயர் தரவில்லை)

இல்லை ஐயா. பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் இருவரும் 1996இல் பாலினப் பாகுபாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று வெறுப்பு: பெண்கள் ஆண்களை அடக்கப் பார்க்கிறார்கள் என்ற வகை. மற்றது பரிவு: பெண் தூய்மையானவள், மென்மையானவள், ஆண்தான் காக்க வேண்டும். பின்னர் 19 நாடுகளில் ஆராய்ந்தபோது, வெறுப்பு தூக்கலாக உள்ள நாடுகளில் இந்தப் பரிவும் தூக்கலாகவே இருந்தது. சொன்னபடி நடக்கும் பெண்ணுக்குப் பூஜை, மீறுபவளுக்கு வசை என்று இரண்டும் கூட்டாக வேலை செய்கின்றன என்பது அவர்கள் விளக்கம். நீங்கள் மதிக்கும் தெய்வம் இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து தனியே வந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்களுக்குக் கணக்கு வராது என்று நினைவூட்டினாலே மதிப்பெண் குறையுமாமே? (ஆசிரியர், நெல்லை)

ஸ்பென்சர், ஸ்டீல், குவின் 1999இல் அப்படி ஒரு முடிவை வெளியிட்டார்கள். எங்களுக்கெல்லாம் அது ரொம்பப் பிடித்துப்போனது, பாடநூல்களிலும் ஏறிவிட்டது. ஆனால் 2018இல் நெதர்லாந்தில் 2000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம், எப்படிச் சோதிக்கப் போகிறோம் என்பதை முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டுச் சோதித்தபோது அந்த விளைவு தென்படவில்லை. வகுப்பில் இதை உறுதியான உண்மையாகச் சொல்லாதீர்கள். அதற்காக 'உனக்குக் கணக்கு வராதும்மா' என்று சொல்லலாம் என்று அர்த்தமில்லை.

எல்லாம் வெள்ளைக்கார ஆய்வு. நம் ஊரில் சாதியைச் சொல்லாமல் பெண் என்று பேச முடியுமா? (ஆய்வு மாணவர், சென்னை)

முடியாது. இதே குறையைக் கறுப்பினப் பெண்கள் அமெரிக்காவிலேயே எழுப்பினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கை 1989இல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா எடுத்துக்காட்டினார். நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருந்தது, ஆனால் வெள்ளையர்களை. கறுப்பினத்தவரையும் வைத்திருந்தது, ஆனால் ஆண்களை. இரண்டு கணக்கிலும் பாகுபாடு இல்லை என்றாகி, இரண்டும் சேர்ந்த இவர்கள் நடுவில் காணாமல் போனார்கள். 'பெண்கள் இப்படி' என்று எந்த ஆய்வு சொன்னாலும் யாரை உட்காரவைத்து அளந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மேலைநாட்டுக் கல்லூரி மாணவிகளாக இருப்பார்கள்.

செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு ஏதாவது எளிதாகச் சொல்லுங்கள் மேடம். (அதே மதுரை மாணவி)

காண்ட்ரி சோதனையையே சிறிதாகச் செய்து பாரும்மா. ஒரு நிமிட வீடியோ, குழந்தையின் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி, நிறமோ பெயரோ காட்டிக்கொடுக்காத சட்டை. யாருக்கு 'பையன்', யாருக்கு 'பொண்ணு' என்று சொல்வதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய். பார்ப்பவர்களைத் தனித்தனியாகக் கேள், கூட்டமாக உட்காரவைத்தால் ஒருவர் பதிலை மற்றவர் பிடித்துக்கொள்வார். கடைசியில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வேறுபாடு கிடைக்காவிட்டாலும் அப்படியே எழுதிக்கொடு, அதற்காக மார்க் குறைக்க மாட்டார்கள்.