ஆலைக் கேள்விகளுக்கு ஏஐ உதவியாளர்: கேளுங்கள், சொல்கிறேன்

ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாக ஆலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். லீவு, ஷிப்ட், ஈஎஸ்ஐ என்று ஆட்கள் தினமும் கேட்பதற்குப் பதில் சொல்ல கூகுளின் நோட்புக்எல்எம் என்ற ஏஐ கருவியில் உதவியாளர் ஒன்று அமைத்து ஓட்டுகிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. செய்து பார்த்ததை மட்டும் சொல்வேன்.

பர்கூர்: கோடிங் தெரிய வேண்டுமா அண்ணா?
வேண்டாம். கோப்பை ஏற்றினால் அதிலிருந்து பதில் சொல்லும். எந்தப் பத்தியில் எடுத்தது என்றும் காட்டும். இலவசக் கணக்கில் ஒரு நோட்புக்குக்கு 50 கோப்பு வரை ஏற்றலாம். சின்ன ஆலைக்குத் தாராளம்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை அக்கவுண்ட்ஸ்: ஈஎஸ்ஐ பிடித்தம் ஒரு தடவை 1.75 சதவீதம் என்கிறது, இன்னொரு தடவை 0.75 என்கிறது. ஏன்?
பழைய சுற்றறிக்கையும் உள்ளே இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் தொழிலாளி பங்கு 1.75-லிருந்து 0.75 ஆனது, நிர்வாகப் பங்கு 4.75-லிருந்து 3.25 ஆனது. இரண்டு தாளும் கிடந்தால் எது இப்போது செல்லும் என்று அதுவாகத் தீர்மானிக்கும் என நம்பாதீர்கள். காலாவதியானதை எடுத்துவிடுங்கள். 'இருக்கட்டும், எதற்காவது ஆகும்' என்பதெல்லாம் பீரோவுக்குச் சரி. மிச்சக் கோப்புகளின் தலைப்பில் எந்தத் தேதி முதல் அமல் என்று எழுதுங்கள்.

தர்மபுரி: நாளைக்குப் பட்டுக்கூடு என்ன விலை போகும் என்று சொல்லுமா?
சொல்லாது. அங்காடிக்குப் போன் போடுங்கள்.

ஓசூர், எச்.ஆர்.: எங்கள் நிலையாணை (ஆலை வேலை விதிகள்) தமிழ் பிடிஎஃப். திரையில் நன்றாகத் தெரிகிறது, ஏற்றினால் தகவல் இல்லை என்கிறது.
பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவாக இருக்கும் மேடம். அதில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே ஆங்கிலத்தில் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்'. நமக்குத் தமிழ், அதற்கு வெறும் கிறுக்கல். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். டைப் செய்த மூல வேர்டு கோப்பைத் தேடிப் பிடித்து யூனிகோடு மாற்றியில் (பாமினியை இப்போதைய பொது எழுத்துமுறைக்கு மாற்றும் கருவி) போடுங்கள்.

கிருஷ்ணகிரி: எதற்கு இவ்வளவு சுற்று? போட்டோ எடுத்துப் போட்டால் ஏஐ படிக்கும்.
படிக்கும். ஷிப்ட் அட்டவணையில் கட்டம் நகர்ந்தால் பி ஷிப்ட் நேரம் சி ஷிப்டுக்குப் போய்விடும்.

மறுபடி கிருஷ்ணகிரி: எங்கள் ஆலையில் போட்டோதான். நன்றாக ஓடுகிறது.
ஓடட்டும் தம்பி. யார் சரிபார்த்தது?

சூளகிரி: போட்டோக்காரர் சொல்வது சரிதானே? ஒன்றிரண்டு எழுத்து பிசகினால் என்ன?
எழுத்து பிசகினால் படித்துக்கொள்ளலாம். 3 என்பது 8 ஆனால் எப்படித் தெரியும்? தவறான எண்ணையும் அது தயங்காமல்தான் சொல்லும். மூல வேர்டு கோப்பே கிடைக்காவிட்டால் போட்டோ எடுங்கள், ஆனால் ஒவ்வொரு எண்ணையும் தாளோடு ஒப்பிடுங்கள். ஒப்பிட நேரமில்லை என்பவர்கள் அந்தப் பக்கத்தை ஏற்றவே வேண்டாம்.

ஊத்தங்கரை: கோடிங் தெரியாது, முடியுமா?
பர்கூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

பாலக்கோடு: பைத்தான் எங்கே கற்கலாம்?
பைத்தானை விடுங்கள். பழைய தாளை எடுத்தாயிற்றா?

ஓசூர்: சம்பளப் பட்டியலையும் ஏற்றலாமா?
கூடாது. யார் கேட்டாலும் யார் சம்பளத்தையும் சொல்லிவிடும். ஆதார் நகலும் வேண்டாம்.

போச்சம்பள்ளி: சீசனுக்கு வரும் வடமாநில ஆட்கள் இந்தியில் கேட்டால்? கோப்பெல்லாம் தமிழ்.
இந்தியிலும் பதில் சொல்ல வைக்கலாம். இரண்டு மொழியும் தெரிந்த சூப்பர்வைசர் ஒருவரை உட்கார வைத்து, வழக்கமாக வரும் கேள்விகளைக் கேட்டுப் பார்த்த பிறகு ஆட்களிடம் கொடுங்கள்.