பிளவு உதடும் அண்ணமும்: பருவ வயதில் மாறும் முகம் (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: உதடும் அண்ணமும் (வாயின் மேற்கூரை) பிளந்து பிறந்த என் மகனுக்கு 4 மாதத்தில் உதட்டிலும் ஒரு வயதில் அண்ணத்திலும் அறுவை சிகிச்சை செய்தோம். பத்து வயதுவரை முகம் நன்றாகவே இருந்தது. இப்போது 13 வயதில் மூக்கின் இருபுறமும் உள்வாங்கி, கீழ்த்தாடை துருத்தித் தெரிகிறது. அன்று செய்த சிகிச்சையில் பிழையா?

பதில்: பிழை என்று கருத வேண்டியதில்லை. அண்ணத்தை மூடிய இடத்தில் உண்டாகும் தழும்பு, மற்றத் திசுக்களைப்போல நெகிழ்ந்து கொடுக்காமல், மேல்தாடை முன்னோக்கி வளர்வதை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகத் தடுக்கிறது. பருவ வயதில் கீழ்த்தாடை வேகமெடுத்து வளரும்போதுதான் இந்தக் குறை வெளியே தெரிகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை துருத்துவதில்லை, மேல்தாடையே பின்தங்கி நிற்கிறது. தழும்பு வளர்ச்சியைத் தடுப்பதை அழுத்தமாக உணர்த்தியவை இலங்கையில் கிடைத்த சான்றுகள். லண்டனைச் சேர்ந்த பல் சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸும் அவருடைய குழுவினரும் 1980-களில் தொடங்கி, சிகிச்சையே கிடைக்காமல் வளர்ந்து பெரியவர்களானோரை அங்கே ஆராய்ந்தபோது, அவர்களில் பலருக்கு மேல்தாடை ஏறத்தாழ இயல்பாகவே வளர்ந்திருந்தது. உதடு பிளந்த நிலையில், பேச்சும் தெளியாமல் அவர்கள் கழித்த ஆண்டுகளை எண்ணும்போது, அந்த நல்ல வளர்ச்சியைக் கண்டு மகிழ முடிவதில்லை. பிளவின் அகலம், குடும்பவழி முக அமைப்பு, அறுவை மருத்துவரின் கைத்திறன் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

கேள்வி: அப்படியானால் அண்ண அறுவை சிகிச்சையை வளர்ச்சி முடியும்வரை தள்ளிப்போடலாமா? எங்கள் பேரனுக்கு இப்போது 10 மாதம்.

பதில்: தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஷ்வெக்கெண்டீக் என்னும் குடும்பப்பெயர் கொண்ட மருத்துவர்கள், அண்ணத்தின் முன்பகுதியான கடின அண்ணத்தை மூடுவதை 12 வயதுக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். முக வளர்ச்சி சிறப்பாக அமைந்தது. பேச்சோ பலருக்கு மோசமாகவே இருந்தது. க, ட, த, ப போன்ற ஒலிகளுக்கு வாய்க்குள் காற்று அழுத்தமாக நிற்க வேண்டும். அது மூக்கு வழியே கசியும் குழந்தை, தொண்டையை இறுக்கி ஒலியெழுப்பும் தவறான பழக்கத்துக்குச் சென்றுவிடுகிறது. பின்தங்கிய தாடையைப் பின்னாளில் முன்நகர்த்தலாம். வேரூன்றிவிட்ட தவறான பேச்சை மாற்றுவது அதைவிடக் கடினம்.

கேள்வி: 9 வயது மகளுக்கு இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து பல் ஈறில் உள்ள பிளவில் வைக்க வேண்டும் என்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியம். மேல் கோரைப்பல் முளைப்பதற்கு முன், பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள் செய்தால், வைத்த எலும்பின் ஊடாகவே அந்தப் பல் இறங்கி வர வாய்ப்பு உண்டு.

கேள்வி: எனக்கு 15 வயது. பள்ளியில் கேலி தாங்க முடியவில்லை. மேல்தாடையை முன்நகர்த்தும் அறுவையை இப்போதே செய்துகொள்ளலாமா?

பதில்: உங்கள் வருத்தத்தை அற்பமாக எண்ணி இதைச் சொல்லவில்லை, தங்கையே: பொதுவாக வளர்ச்சி நின்ற பிறகு செய்வதே நல்லது. இப்போது தாடைகளைச் சரியாகப் பொருத்தினாலும், கீழ்த்தாடை மேலும் வளர்ந்தால் பற்கள் மறுபடி மாறிக் கடிக்கத் தொடங்கும். இரண்டாவது அறுவையும் தேவைப்படலாம். பெண்களுக்குப் பெரும்பாலும் 16, 17 வயதிலும், ஆண்களுக்கு அதற்கு ஓரிரு ஆண்டுகள் பின்னரும் வளர்ச்சி ஓய்கிறது. சில மாத இடைவெளியில் எடுத்த பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு மருத்துவர் அதை உறுதிசெய்வார். அறுவைக்கு முன் பற்களைக் கம்பி கட்டி ஒழுங்குபடுத்துவதற்கே ஓராண்டுக்கு மேல் ஆகலாம் என்பதால், ஏற்ற காலத்தில் அந்தப் பணியைத் தொடங்க இப்போதே பல் சீரமைப்பு மருத்துவரைப் பாருங்கள். நகர்த்த வேண்டிய தூரம் அதிகமானால், எலும்பை அறுத்துக் கருவி பொருத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டராக நகர்த்தும் முறையும் இருக்கிறது. தாடை முன்னால் வரும்போது அண்ணத்தின் பின்பகுதியான மெல்லண்ணமும் தொண்டைச் சுவரிலிருந்து விலகுவதால், சிலருக்குப் பேச்சில் மூக்கொலி கூடிவிடும். ஆகவே பேச்சுப் பயிற்சியாளரின் பரிசோதனை இல்லாமல் அறுவைக்குச் சம்மதிக்க வேண்டாம். கேலி செய்வதைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் இன்றே அறிந்தாக வேண்டும். அதற்கு வளர்ச்சி முடியக் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: மூக்கின் கோணலை முதலில் சரிசெய்துவிடலாமா?

பதில்: தாடை அறுவை தேவைப்படுவோருக்கு அது முடிந்த பிறகே மூக்கைத் திருத்துவது வழக்கம். மேல்தாடை நகர்ந்தால் மூக்கின் அடித்தளமும் அகலமும் மாறிவிடும்.